செப்டிக் டேங்க் மக்கர் பண்ணுதா? லாரிக்கு போன் போடுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

மதுரைப் பக்கம் டாய்லெட்ல தண்ணி இறங்கலைன்னா மொதல்ல எல்லாரும் பண்றது செப்டிக் டேங்க் லாரிக்கு போன் போடுறதுதான். லாரி வரும், உறிஞ்சும், காசை வாங்கிட்டுப் போயிரும், பத்து நாள்ல தண்ணி மறுபடி ஏறி நிக்கும், திரும்பவும் லாரி. லாரிக்காரர் ஏமாத்திட்டாருன்னு சண்டைக்குப் போறவங்களும் இருக்காங்க. அவர் வேலை உறிஞ்சுறது, அதை ஒழுங்காத்தான் பண்ணிட்டுப் போயிருக்கார், கோளாறு இருந்தது வேற எடத்துல.

நான் ஒத்தக்கடைப் பக்கம் பிளம்பிங் சாமான் கடையில இருக்கேன். "அண்ணே, யாரைக் கூப்புடுறதுன்னே தெரியல"ன்னு வந்து நிக்கிறவங்க ஐப்பசி பொறந்துட்டா அதிகமாயிருவாங்க. பிளம்பரா, லாரியா, மேஸ்திரியா, மாநகராட்சியா, குழிக்குள்ள உறை (சிமெண்ட் வளையம்) இறக்குறவங்களா? வீட்டுக்காரங்களே ஒரு அரை மணி நேரம் பொறுமையாப் பார்த்தா இதுக்குப் பதில் கிடைச்சுரும். தப்பான ஆளைக் கூப்புட்டா காசு போறது ஒரு பக்கம், சில சமயம் ஒரு மனுஷன் உசுரே போயிருது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

பார்க்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. வீட்டுல தண்ணியை நிறுத்துங்க. வாஷிங் மெஷினை ஆஃப் பண்ணுங்க, மோட்டார் போடாதீங்க, மாடியில யாராச்சும் குடியிருந்தா குளிக்கிறதை கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க. மேல ஊத்துற தண்ணி கீழ் வீட்டு டாய்லெட் வழியாத்தான் பொங்கும். ஆசிட், காஸ்டிக் சோடா எதையும் கொட்டிறாதீங்க, அடைப்பு எடுக்க வர்றவர் கையிலயும் மூஞ்சியிலயும் அது தெறிக்கும்.

மொதல்ல, உங்க வீட்டுல இருக்குறது என்னன்னு தெரிஞ்சுக்கங்க

சிரிக்காதீங்க, நிறையப் பேருக்கு இது தெரியாது. வாடகைக்கு இருக்குறவங்களுக்கும் பழைய வீட்டை வாங்கி வந்தவங்களுக்கும் சுத்தமா தெரியாது.

பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கான்னு பாருங்க. மாசி வீதி, வெளி வீதி மாதிரி பழைய மதுரைக்குள்ள இருக்கிற வீடுகளுக்கு இது பழகின விஷயம். ஆனா 2011-ல மாநகராட்சி 72 வார்டுல இருந்து 100 வார்டா பெருசானப்ப ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம்னு சுத்துப்பட்டு ஊரெல்லாம் உள்ள வந்துச்சு, அங்கெல்லாம் பக்கத்துப் பக்கத்துத் தெருவுக்கே நிலைமை மாறும். தெருவுல வட்ட மூடி இருக்கு, உங்க பேர்ல பாதாளச் சாக்கடைக் கட்டணம் போடுறாங்கன்னா இணைப்பு இருக்குன்னு அர்த்தம். தெருவுல மூடி இருந்து உங்க வீட்டுல இருந்து அதுக்கு பைப் போகலைன்னா நீங்க இன்னும் செப்டிக் டேங்க்லதான் இருக்கீங்க.

இணைப்பு இருக்கிற வீட்டுல, வீட்டு சேம்பரும் (வீட்டு பைப் வந்து சேர்ற, மூடி போட்ட சின்னத் தொட்டி) நிறைஞ்சு தெரு மூடியும் வழிஞ்சா லாரியும் வேணாம் பிளம்பரும் வேணாம், அது மாநகராட்சி வேலை, வார்டு அலுவலகத்துல புகார் குடுங்க, தெரு பேரோட பக்கத்துல இருக்கிற கம்ப நம்பரையும் சொன்னா வண்டி சீக்கிரம் எடத்தைக் கண்டுபிடிக்கும். தெரு மூடி சும்மா இருக்கு, உங்க சேம்பர் மட்டும் நிக்குதுன்னா நடுவுல உங்க பைப்லதான் அடைப்பு, பிளம்பரைக் கூப்புடுங்க. இன்னொண்ணு, மொட்டை மாடி மழைத்தண்ணியை பாதாளச் சாக்கடையில விட்டுருந்தா தயவுசெஞ்சு எடுத்துருங்க, அது விதிக்கும் புறம்பு, மழை அன்னைக்கு தாழ்வா இருக்கிற வீட்டு டாய்லெட்ல பொங்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கிராமத்துல இருந்தா இன்னொரு வகை உண்டு. தூய்மை பாரதம் திட்டத்துல கட்டுன கழிப்பறைகள்ல பலதுக்கு ரெண்டு உறைக் குழி இருக்கும், நடுவுல ஒரு சின்ன சேம்பர்ல பாதை ரெண்டாப் பிரியும். ஒரு குழி நிறைஞ்சா அந்தப் பாதையை அடைச்சு அடுத்த குழிக்குத் திருப்பி விடணும், அவ்வளவுதான். நிறைஞ்ச குழியை ஒன்றரை ரெண்டு வருஷம் மூடி வச்சா உள்ள இருக்கிறது மக்கி காஞ்சு உரமாயிரும். உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துல இருந்து வர்ற சிலர் இந்தக் குழிக்குப் போய் லாரி பிடிச்சேன்னு சொல்லும்போது மனசு கஷ்டமாயிருது, ரெண்டாவது குழி புதுசாவே கெடந்துருக்கும். பாதையைத் திருப்ப ஊர்ல இருக்கிற கொத்தனாரே போதும்.

மீதி இருக்கிறது நம்ம எல்லார் வீட்டுலயும் இருக்கிற செப்டிக் டேங்க். அதோட அவுட்லெட் எங்க போகுதுன்னு பாருங்க, தண்ணியை மண்ணுக்குள்ள இறக்குற உறிஞ்சு குழிக்கா, இல்ல தெரு வாறுகாலுக்கா (தெருவோர சாக்கடை). வாறுகால்ல விடுறது தப்புதான், ஆனா பண்ணி வச்சுருக்காங்க. அப்படி இருந்தா வாறுகால்ல மண்ணு மேவிப் போய் அவுட்லெட் வாய் அடைச்சிருக்கும், டேங்கைத் தொட வேண்டியதே இருக்காது. அதைத் தூர் வார உள்ளாட்சிக்குச் சொல்லணும், ஆனா அவங்க வந்து பார்த்தா உங்க பைப்பையும் சேர்த்துதான் பார்ப்பாங்க, எடம் இருந்தா அதுக்குள்ள ஒரு உறிஞ்சு குழியைப் போட்டுருங்க.

எங்க நிக்குது? வீட்டுக்குள்ளயா வெளியவா

ஒரே ஒரு பாத்ரூம்ல மட்டும் தண்ணி மெதுவா இறங்குது, மத்ததெல்லாம் நல்லா இருக்குன்னா டேங்க் மேல பழி போடாதீங்க. அந்த பாத்ரூம் டிராப்ல, அதாவது தண்ணி தேங்கி நிக்கிற வளைவுலதான் முடி, சோப்பு, துணி ஏதாச்சும் இருக்கும். பிளம்பர்.

கீழ் வீட்டுல எல்லாமே நிக்குது, டாய்லெட்ல தண்ணி ஊத்துனா பாத்ரூம் தரையில தண்ணி போற ஜாலியில கொப்புளிக்குதுன்னா வெளிய வாங்க. டாய்லெட் பைப் செவுத்தை விட்டு வெளிய வர்ற எடத்துல ஒரு சேம்பர் இருக்கும், மூடியை எடுங்க. சேம்பர் காஞ்சு கெடக்கு, உள்ள டாய்லெட் நிக்குதுன்னா அடைப்பு அந்த ரெண்டுக்கும் நடுவுல. மறுபடியும் பிளம்பர்தான், அவர்ட்ட ராடு இருக்கான்னு மட்டும் கேட்டுக்கங்க. சேம்பர் நிறைஞ்சு நிக்குதுன்னா கோளாறு அதைத் தாண்டி இருக்கு, டேங்க்குக்குப் போகணும்.

இந்த சேம்பரையே கட்டாம டைல்ஸ் போட்டு மூடுன வீடுகள் இருக்கு. புது வீடு கட்டுறவங்க யாராச்சும் இதைப் படிச்சா, மேஸ்திரிட்ட கெஞ்சியாச்சும் சேம்பரையும் டேங்க் மூடியையும் கண்ணுக்குத் தெரியிற மாதிரி விடச் சொல்லுங்க. போர்டிகோ டைல்ஸை ஒடைச்சு மூடியைத் தேடுறது கொடுமை. மூடி எங்கன்னே தெரியாத வீட்டுல டேங்க் வாயு வெளிய போற கேஸ் பைப்பைப் பாருங்க, செவுத்தோரமா மேல போற அந்த பைப் தரைக்குள்ள போற எடத்துக்குப் பக்கத்துலதான் டேங்க் இருக்கும்.

டேங்க் மூடியைத் தொறக்குறப்ப

கடப்பாரையால மூடியை நெம்பி நகர்த்திட்டு தள்ளி வந்துருங்க, ஒரு அரை மணி நேரம் காத்தாடட்டும். குனிஞ்சு தலையை விட்டுப் பார்க்காதீங்க. பீடி, சிகரெட், தீப்பெட்டி கிட்டயே வரக்கூடாது, உள்ள மீத்தேன் இருக்கும், எரியும். அதோட ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும், அழுகுன முட்டை நாத்தம் அடிக்கிறது அதுதான், இதுல பயங்கரம் என்னன்னா அளவு கூடக் கூட மூக்கு மரத்துப் போய் நாத்தமே தெரியாது. நாத்தம் இல்லைன்னா விஷவாயு இல்லைன்னு நினைக்கிறது உசுருக்கே ஆபத்து. பிள்ளைகளைப் பக்கத்துல விடாதீங்க, பழைய சிலாப் மேல ஏறி நிக்காதீங்க, உள்ள கம்பி துருப்பிடிச்சு ஒடையுற நிலையில இருக்கும்.

தண்ணி மட்டம் சொல்ற சேதி

இந்த எடத்தை மட்டும் நிதானமாப் படிங்க.

செப்டிக் டேங்க் எப்பவும் நிறைஞ்சுதான் இருக்கும், அப்படி இருக்கிறதுதான் சரி. கழிவு உள்ள வந்து கனமானது அடியில சேறாத் தங்கும், எண்ணெயும் லேசானதும் மேல ஆடையா மெதக்கும், நடுவுல இருக்கிற தெளிஞ்ச தண்ணி அவுட்லெட் வழியா வெளிய போகும். உள்ள எவ்வளவு வருதோ அவ்வளவு வெளிய போகணும், அதனால தண்ணி மட்டம் எந்நேரமும் அவுட்லெட் பைப்போட அடி மட்டத்துல நிக்கும். மூடியைத் தொறந்து பார்த்துட்டு "டேங்க் நெறஞ்சுருச்சு"ன்னு லாரியைக் கூப்புடுறவங்க நல்லா இருக்கிற டேங்கைத்தான் காலி பண்றாங்க.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 8 அடி நீளம், 4 அடி அகலம், தண்ணி நிக்கிற ஆழம் 5 அடின்னு வச்சா 160 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக சுமார் 4,500 லிட்டர். நகரத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கிறது குடிநீர்த் திட்டங்களுக்கு வைக்கிற கணக்கு. அஞ்சு பேர் இருக்கிற வீட்டுல அது 675 லிட்டர், எல்லாத் தண்ணியும் டேங்குக்கே போனா ஒரே வாரத்துல டேங்க் பழையபடி நிறைஞ்சுரும். அதாவது லாரி வந்துட்டுப் போன அடுத்த வாரமே டேங்க் நிறையுறது ரொம்பச் சாதாரணம். அவுட்லெட்டைத் தாண்டி மேல ஏறுதாங்கிறதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

இப்ப டார்ச் அடிச்சு தள்ளி நின்னு பாருங்க.

மட்டம் அவுட்லெட் பைப் அடியிலயே நிக்குது, ஆனா வீட்டுப் பக்கம் சேம்பர் நிறைஞ்சிருக்குன்னா, உள்ள வர்ற வாய்தான் அடைச்சிருக்கு. இன்லெட்ல இருக்கிற டி பைப் வாயில ஆடை கெட்டியாப் படிஞ்சு கெடக்கும், இல்ல நாப்கின், டயப்பர் மாட்டியிருக்கும். பிளம்பர் நீளக் கம்பியை வச்சு மேல இருந்தே எடுத்துருவார், ஆடை ரொம்ப தடிச்சுப் போயிருந்தா லாரியும் வேணும்.

மட்டம் அவுட்லெட் பைப்பையே முழுக வச்சு மேல நிக்குதுன்னா, தண்ணி வெளிய போக வழி இல்ல. ஒண்ணு அவுட்லெட் பைப் அடைச்சிருக்கு, இல்லைன்னா உறிஞ்சு குழி செத்துப் போச்சு. உறிஞ்சு குழி மூடியைத் தொறங்க, அதுவும் தள்ளி நின்னுதான். குழி காஞ்சிருந்தா நடுவுல பைப் அடைப்பு, பிளம்பர் போதும். குழியும் வாய் வரைக்கும் நிக்குதுன்னா பிரச்சினை மண்ணுல. அங்க லாரி வந்து உறிஞ்சுறது ஒரு வார நிம்மதிக்குத்தான், நிரந்தரமா சரி பண்ண மேஸ்திரியும் உறை இறக்குறவங்களும்தான் வேணும். லாரி உறிஞ்சுறப்பவே இன்னொரு அடையாளமும் தெரியும், டேங்க் மட்டம் இறங்க இறங்க அவுட்லெட் பைப் வழியா வெளிய இருந்து தண்ணி உள்ள ஊத்துனுச்சுன்னா உறிஞ்சு குழி மூச்சு முட்டிப் போய் நிக்குதுன்னு சந்தேகமே இல்லாம சொல்லிரலாம். லாரி நிக்கிறப்ப வீட்டுக்குள்ள போயிறாம பக்கத்துல இருந்து இதைப் பாருங்க.

மட்டம் அவுட்லெட்டுக்கு ரொம்பக் கீழ நிக்குது, கொஞ்ச நாளா லாரியும் வரலைன்னா சந்தோஷப்படாதீங்க, டேங்க் விரிசல் விட்டு ஒழுகுது. கழிவு நேரா நிலத்தடித் தண்ணியில கலக்குது. கொத்தனாரைத்தான் கூப்புடணும், அதுக்கு முன்னாடி லாரியை வச்சு காலி பண்ணி, நல்லாக் கழுவி, காத்து ஏத்தி, ஆழத்தைப் பொறுத்து என்ன செய்யலாம்னு தெரிஞ்சவங்கட்ட கேட்டு முடிவு பண்ணணும். காலியாயிருச்சுங்கிறதுக்காக ஒருத்தரும் உள்ள இறங்கக்கூடாது, அடியில ஒட்டியிருக்கிற சேறைக் கிளறுனாலே வாயு வரும்.

நாலாவது, லாரியே வேண்டிய நிலை. நீளமான குச்சியில பழைய வெள்ளைத் துணியைச் சுத்தி டேங்க்ல வீட்டுப் பக்கம் இருக்கிற மொத அறையோட அடி வரைக்கும் பையப் பைய விட்டு எடுங்க, துணியில கருப்பா ஒட்டியிருக்கிற உயரம்தான் சேறு. தண்ணி ஆழத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல சேறு இருந்தா லாரி கூப்புடுற நேரம் வந்துருச்சு. ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருக்கா சேறு எடுக்கணும்னு சொல்றாங்க, ஆள் கூட இருந்தா இன்னும் சீக்கிரம். பத்துப் பதினஞ்சு வருஷம் எடுக்கவே இல்லன்னு பெருமையாச் சொல்றவங்க டேங்க்ல சேறு நிரம்பி உறிஞ்சு குழிக்கே போய் அதோட கண்ணையெல்லாம் அடைச்சிருக்கும், பிறகு குழியையே புதுசாத் தோண்டணும், லாரிச் செலவை விட பல மடங்கு ஆகும்.

மண்ணு, மழை, கண்மாய்

உறிஞ்சு குழி சமாச்சாரம் மதுரையில ஏரியாவுக்கு ஏரியா மாறும். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல், நனைஞ்சா உப்பி கண்ணை மூடிக்கும், தண்ணி உறிஞ்சாது, வெயில்ல வெடிச்சு பைப் ஜாயின்ட்டைப் பிரிச்சுரும், டேங்க் செவுத்தையும் விரிய வைக்கும். நாகமலை, பசுமலை, திருப்பரங்குன்றம் அடிவாரத்துல கொஞ்சம் தோண்டுனாலே பாறை. மேலூர், அலங்காநல்லூர் பக்கத்துச் செம்மண் எடங்கள்ல நல்லா இழுக்கும். அப்புறம் வயக்காட்டை பிளாட் போட்ட எடங்கள், கண்மாயை ஒட்டுன எடங்கள். வண்டியூர், மாடக்குளம் மாதிரி கண்மாய் பெருகுறப்ப சுத்தி இருக்கிற நிலத்தடித் தண்ணி மேல வந்துரும், உறிஞ்சு குழி உறிஞ்சுறதை விட்டுட்டு ஊத்தாட்டம் சுரக்க ஆரம்பிச்சுரும்.

ஐப்பசி கார்த்திகையில மட்டும் பிரச்சினை, தை பொறந்தா தானாச் சரியாகுதுன்னா காரணம் இதுதான். இந்த நேரத்துல லாரிக்கு மேல லாரி கூப்புடுறது கண்மாயையே உறிஞ்சுற வேலை. அது மட்டுமில்ல, ஆபத்தும் இருக்கு. சுத்தி மண்ணு ஊறிக் கெடக்குறப்ப டேங்கை ஒட்டக் காலி பண்ணுனா, ரெடிமேட் பிளாஸ்டிக் டேங்க் அப்படியே மேல தூக்கிரும், சிமெண்ட் பூசாத பழைய செங்கல் டேங்க்னா செவுரு உள்பக்கமா சரியும். அந்த நேரத்துல வேற வழியே இல்லைன்னா பாதி மட்டும் எடுக்கச் சொல்லுங்க.

நிரந்தர வழின்னா மொதல்ல டேங்குக்குப் போற தண்ணியைக் குறைக்கிறது. குளிக்கிற தண்ணி, துணி துவைக்கிற தண்ணி, ஆர்ஓ கழிவுத் தண்ணி இதையெல்லாம் தனியாப் பிரிச்சு வாழைக்கும் கல்வாழைக்கும் விடுங்க, ரெண்டும் தண்ணியை நல்லாக் குடிக்கும். டாய்லெட் தண்ணி மட்டும் டேங்குக்குப் போனா பாதிப் பிரச்சினை அங்கயே அடங்கிரும். இது பிளம்பர் ஒரு நாள்ல முடிக்கிற வேலை, ஆனா இதை யாரும் மொதல்ல யோசிக்கிறதில்ல.

அதுக்கும் சரியாகலைன்னா புது குழி. மேஸ்திரி வந்து "பத்து உறை இறக்கிருவோம்"னு சொன்னா உடனே தலையை ஆட்டாதீங்க. சின்னக் குழி ஒண்ணு தோண்டி, முந்தின நாளே தண்ணி ஊத்தி ஊற வச்சு, மறுநாள் திரும்ப ஊத்தி தண்ணி 1 இன்ச் இறங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாருங்க. அரை மணி நேரத்துக்குள்ளன்னா உறிஞ்சு குழி போடலாம், அரை மணியில இருந்து ஒரு மணி வரைக்கும்னா ஆழக் குழியை விட ஜல்லி போட்டு நீளவாக்குல வாய்க்கால் மாதிரி எடுக்கிறது நல்லது, ஒரு மணிக்கு மேல ஆச்சுன்னா அந்த மண்ணுல எத்தனை உறை இறக்குனாலும் பிரயோஜனம் இல்ல. அப்ப சிவில் இன்ஜினியர் ஒருத்தரைக் கூப்புட்டு டேங்குக்கு அடுத்து ஃபில்டர் அமைக்கிறதைப் பத்திப் பேசணும். இந்த ஒரு சோதனையைப் பண்ணத் தெரிஞ்ச மேஸ்திரியா பார்த்து வேலையைக் குடுங்க.

போர் தண்ணி நாறுனா

இதுக்கு யோசிக்கவே கூடாது, அன்னைக்கே குடிக்கிறதையும் சமைக்கிறதையும் நிறுத்துங்க. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஆய்வகம் இருக்கு, அங்க தண்ணியைக் குடுத்து பாக்டீரியா இருக்கான்னு பாருங்க, பாட்டில் எப்படிப் பிடிக்கணும்னு அவங்களே சொல்லுவாங்க. இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470 படி உறிஞ்சு குழிக்கும் குடிதண்ணிக் கிணத்துக்கும் நடுவுல 18 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 60 அடி இருக்கணும். 30-க்கு 40 பிளாட்டுல மூலைக்கு மூலை இழுத்தாலே 50 அடிதான் வரும்! ஆக சின்ன பிளாட்டுல போரும் குழியும் சேர்ந்து இருக்கிற எந்த வீடும் இந்த விதிக்குள்ள வராது, பக்கத்து வீட்டுக் குழி உங்க போர்ல இருந்து எவ்வளவு தூரம்னும் பார்க்கணும். அதனால புறநகர்ல சின்ன பிளாட்டுல இருக்கிறவங்க நாத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்காம வருஷத்துக்கு ஒருக்கா, மழைக்கு அப்புறம் தண்ணியைச் சோதிச்சுருங்க.

நாத்தம் மட்டும் வீட்டுக்குள்ள வருது, தண்ணியெல்லாம் நல்லா இறங்குதுன்னா பயப்பட வேணாம். பொழங்காத பாத்ரூம் டிராப்ல தண்ணி வத்தியிருக்கும், ஒரு வாளி ஊத்துங்க. அதுக்கும் போகலைன்னா கேஸ் பைப் ஒடைஞ்சிருக்கும், இல்ல உள்ள கூடு கட்டியிருக்கும், பிளம்பர் பார்த்துருவார்.

லாரிதான் வேணும்னு முடிவானா

போன்ல என்ன பேசணும்னு தெரிஞ்சா பாதிச் சண்டை வராது. இப்படிக் கேளுங்க: "அண்ணே, டேங்க் எட்டுக்கு நாலு, ரெண்டு அறை, மூடி தொறந்து வச்சிருக்கேன், கேட்டுல இருந்து அறுபது அடி உள்ள இருக்கு, ஹோஸ் எட்டுமா? தெரு பத்தடிதான், வண்டி வருமா? உங்க வண்டி எத்தனை லிட்டர், எத்தனை லோடு ஆகும், லோடு என்ன ரேட்டு? உள்ளாட்சி லைசென்ஸ் இருக்குல்ல? எடுத்ததை எங்க கொண்டு போய் இறக்குவீங்க? ஆளு உள்ள இறங்குறது கெடையாதுல்ல?"

கடைசி ரெண்டு கேள்வியை விட்டுறாதீங்க. மதுரையில அவனியாபுரத்துலயும் சக்கிமங்கலத்துலயும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கு. ராத்திரியில கண்மாயிலயும் வாய்க்கால்லயும் வைகைக் கரையிலயும் தொறந்து விடுற வண்டியும் இருக்கு, ரேட்டு ரொம்பக் குறைவா சொன்னா ஏன்னு கேளுங்க. அந்தத் தண்ணி சுத்தி வந்து நம்ம போர்லதான் ஏறும். யாரைக் கூப்புடுறதுன்னு தெரியலைன்னா 14420-க்கு போன் பண்ணுங்க, செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை சுத்தம் பண்றதுக்குன்னே வச்சிருக்கிற எண் அது.

வண்டி வந்ததும் மொத அறையிலதான் ஹோஸை விடச் சொல்லணும், வீட்டுப் பக்கம் இருக்கிறது. ரெண்டாவது அறைத் தண்ணி லேசா இருக்கும், சட்டுன்னு லோடு நிறையும், சேறு மொத அறையில அப்படியே தங்கிரும். கெட்டியா இருந்தா அவங்களே கொஞ்சம் தண்ணியைத் திருப்பி அடிச்சு, மேல நின்னு கம்பால கலக்கி எடுப்பாங்க, அதுக்கு நேரம் குடுங்க, வெரட்டாதீங்க. முடிஞ்சதும் அந்தக் குச்சியை விட்டுப் பாருங்க, அடி தட்டுதான்னு தெரியும். மூடுறதுக்கு முன்னாடி இன்லெட், அவுட்லெட் ரெண்டு டி பைப்பும் நிக்குதான்னு பாருங்க, ஒடைஞ்சிருந்தா அன்னைக்கே ஒரு 4 இன்ச் டி வாங்கி நீளமான பைப்போட சேர்த்து பிளம்பரை மாட்டச் சொல்லணும், சின்னச் செலவுதான், ஆனா அவுட்லெட் டி இல்லாத டேங்க்ல மெதக்குற ஆடையெல்லாம் நேரா உறிஞ்சு குழிக்குப் போயிரும். அதையும் மேல இருந்தே மாட்டணும், மாட்ட முடியாத அமைப்புன்னா மூடியைப் பெருசாக்குங்க.

இப்ப உள்ள இறங்குற விஷயம். "கொஞ்சம் சேறுதான் இருக்கு, ஐநூறு குடுங்க, இறங்கி அள்ளிர்றேன்"னு ஒருத்தர் சொன்னா, அவர் எவ்வளவு அனுபவசாலியா இருந்தாலும், நீங்க வேணாம்னு சொல்லணும். 2022 ஏப்ரல்ல நம்ம பழங்காநத்தம் நேரு நகர்ல கழிவுநீர் பம்ப் கிணத்துல மோட்டார் வேலைக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூணு பேர் விஷவாயுல செத்தாங்க, விழுந்தவரைக் காப்பாத்தப் போனவங்களும் சேர்ந்து போயிட்டாங்க. செப்டிக் டேங்க்லயும் இதே மாதிரிதான் நடக்குது. ஒருத்தர் மயங்குவார், அடுத்தவர் பதறி இறங்குவார், அவரும் வர மாட்டார்.

சட்டமும் தெளிவாத்தான் இருக்கு. 2013-ல வந்த கையால் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டப்படி பாதுகாப்பில்லாம ஒருத்தரை செப்டிக் டேங்க்ல இறக்கினா மொத தடவைக்கே 2 வருஷம் வரை ஜெயில், இல்ல 2 லட்சம் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். திரும்பப் பண்ணுனா 5 வருஷம், 5 லட்சம் வரைக்கும் போகும். கான்ட்ராக்டர்தான் பொறுப்புன்னு வீட்டுக்காரர் ஒதுங்க முடியாது, நேராவோ மறைமுகமாவோ யாரு வேலைக்கு வச்சாலும் தப்புன்னு சட்டத்துல இருக்கு. இப்படிச் செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம்னு 2014-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருந்தது, 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமாக்குச்சு. ஆனா காசை விடுங்க, நம்ம வீட்டு டாய்லெட்டுக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளைக அப்பா இல்லாமப் போறதை எந்த மனசு தாங்கும்? மிஷினால எடுக்க முடியாத சேறுன்னு ஒண்ணு இருந்தா தண்ணி அடிச்சு ஊற வச்சு மறுநாள் திரும்ப வண்டியைக் கூப்புடுங்க, ஒரு லோடு காசு கூடப் போகட்டும்.

யாராச்சும் தவறி விழுந்துட்டா இறங்காதீங்க, இன்னொருத்தரையும் இறங்க விடாதீங்க. 101-க்கு ஃபயர் சர்வீஸ், 108-க்கு ஆம்புலன்ஸ், ரெண்டுக்கும் உடனே அடிங்க, மத்த மூடியையும் தொறந்து விடுங்க, கயிறு எட்டுனா மேல இருந்து போட்டுப் பாருங்க.

லாரி போன பிறகு

டேங்க்ல பாதி அளவுக்கு நல்ல தண்ணியை நிரப்பி மூடுங்க, லூஸ் மண்ணுல செவுத்துக்கு நல்லது. பாக்டீரியா பவுடர் வாங்கிப் போடச் சொல்லி கடையிலேயே விக்கிறோம்தான், ஆனா அதைப் போட்டா சேறு எடுக்கவே வேணாம்னு யாரும் சொன்னா நம்பாதீங்க, டாய்லெட்ல போறதுலயே தேவையான பாக்டீரியா இருக்கு. ஆசிட்டும் ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் வாளிக் கணக்குல ஊத்தி அதைக் கொல்லாம இருந்தாலே போதும். நாப்கின், டயப்பர், சமையல் எண்ணெய், காப்பித்தூள் எதுவும் உள்ள போகக்கூடாது.

வாடகை வீடுன்னா இது வீட்டுக்காரருக்கும் குடியிருக்கிறவருக்கும் சண்டை வர்ற எடம். என்னைக் கேட்டா, துணியோ டயப்பரோ அடைச்சதுக்கு பிளம்பர் கூலியை குடியிருக்கிறவர் குடுக்கணும், உறிஞ்சு குழி, டேங்க் விரிசல் எல்லாம் வீட்டுக்காரர் செலவு, சேறு எடுக்கிறதை முதல்லயே பேசி வாடகை ஒப்பந்தத்துல எழுதிக்கங்க.

லாரி வந்த தேதி, எத்தனை லோடு, மூடி இருக்கிற எடம் இதையெல்லாம் ஈபி மீட்டர் பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் மார்க்கர்ல எழுதி வைங்க, வீடு கை மாறுனாலும் அடுத்து வர்றவங்களுக்கு உதவும். பத்து நாள் கழிச்சு மூடியை நகர்த்தி மட்டத்தை ஒரு தடவை பாருங்க. அவுட்லெட் பைப் அடியில நின்னா ரெண்டு மூணு வருஷத்துக்கு யாரையும் கூப்புட வேணாம். பைப்பை முழுக வச்சு நின்னா, திரும்ப லாரிக்குப் போன் போடாம உறிஞ்சு குழி வேலை தெரிஞ்ச மேஸ்திரியைக் கூப்புடுங்க.